யமஹா ஆர்எக்ஸ் 100 மீட்டமைப்பு

யமஹா ஆர்எக்ஸ் 100 மீட்டமைப்பு என்பது, 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட ஆர்எக்ஸ் 100 என்னும் சிறு மோட்டார் சைக்கிளைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மீண்டும் சாலையில் ஓடத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் வேலையாகும். தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியும் இவ்வண்டிக்குத் தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் மதிப்புக் குறையவில்லை. தோட்டத்து மோட்டார் அறையிலும் மாட்டுக் கொட்டகையிலும் துருவேறிக் கிடந்த வண்டிகள் இன்று தேடி வாங்கப்படுகின்றன.

மீட்டமைப்பு என்ற பெயரில் நடப்பவை இரண்டு வேறு வேலைகள். ஒன்று, வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவது. மற்றொன்று, இன்றைய சாலைக்கு ஏற்றவாறு அதன் சில பாகங்களை மேம்படுத்துவது. இரண்டாவது வேலையில் பெரும்பாலோர் எஞ்சினின் வேகத்தையும் சைலன்சரின் ஒலியையுமே கூட்டுகின்றனர். பிரேக், விளக்கு, டயர், எஞ்சினுக்கு எண்ணெய் செல்லும் வழி ஆகியவையே முதலில் கவனிக்கப்பட வேண்டியவை. தேனி மாவட்டம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் இவ்வேறுபாடு உயிர் தொடர்பானது.

வரலாறு

ஜப்பானின் யமஹா நிறுவனத்துடன் தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்ட எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்எக்ஸ் 100-ஐ வெளியிட்டது. உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூர் தொழிற்சாலையில் இது உருவாயிற்று. முதல் தொகுதி வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கு பொருத்தப்பட்டவை. அதனால் "ஜப்பான்" என்று பொறிக்கப்பட்ட பாகங்கள் உள்ள வண்டிக்கு இன்றும் தனி விலை சொல்லப்படுகிறது. இப்பொறிப்பைப் போலியாகச் செய்வோரும் உண்டு என்பதால், வாங்குவோர் இதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

அக்காலத்தில் இந்தியச் சந்தைக்கு 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. ஓசூரில் தயாரான இண்டு-சுசுகி 1984-இலும், ஹீரோ ஹோண்டா சிடி 100 1985-இலும் வெளிவந்தன. ஹீரோ ஹோண்டா நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடியது. ஆர்எக்ஸ் 100-இன் சிறப்பு வேறு. 98 சிசி எஞ்சினிலிருந்து அது 11 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடையோ ஏறத்தாழ 100 கிலோ. இவ்விரண்டும் சேர்ந்ததால் திருகியவுடன் பாயும் இயல்பு அதற்கு வந்தது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் நேரத்திலேயே புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடும். எஞ்சினுக்கு இடும் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். 1996-இல் நடுவண் அரசு புகை வரம்புகளை இறுக்கியபோது ஆர்எக்ஸ் 100-இன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதன் பின் வந்த ஆர்எக்ஸ்-ஜி, ஆர்எக்ஸ் 135 ஆகிய வண்டிகளும் 2005-க்குள் சந்தையை விட்டு விலகின. 2001-இல் எஸ்கார்ட்ஸின் பங்குகளை வாங்கி யமஹா இந்தியத் தொழிலைத் தனதாக்கிக்கொண்டது.

ஆவணங்கள்

மீட்டமைப்பில் முதல் வேலை ஸ்பானரை எடுப்பதன்று. ஆர்சி புத்தகத்தைப் பார்ப்பதே. இதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பெரும்பணம் செலவிட்டவர்கள், பளபளக்கும் வண்டியைத் தெருமுனையைத் தாண்டி எடுத்துச் செல்ல முடியாத நிலைக்கு ஆளாகின்றனர்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 41-ஆம் பிரிவின்படி மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக 1996-இல் வந்த ஆர்எக்ஸ் 100-க்கும் முதல் 15 ஆண்டு 2011-இல் முடிந்துவிட்டது. எனவே இன்று ஓடும் ஒவ்வொரு ஆர்எக்ஸ் 100-உம் புதுப்பித்த பதிவிலேயே ஓட வேண்டும். புதுப்பிக்கப் படிவம் 25-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவையும், தொலைந்த ஆர்சி-க்குப் படிவம் 26-உம், வேறு அலுவலக எல்லைக்கு மாற்றத் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28-உம் பயன்படுகின்றன.

பழைய வண்டிகளின் பதிவு கைப்பட எழுதிய புத்தகத்தில் இருப்பது. கணினிப் பதிவேட்டில் அது ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். தேனி மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது 1996-இல், அதாவது வண்டியின் தயாரிப்பு நின்ற அதே ஆண்டில். ஆகவே இப்பகுதி வண்டிகளின் பழைய புத்தகங்களில் முதல் உரிமையாளரின் முகவரி மதுரை மாவட்டம் என்றே இருக்கும். முதல் உரிமையாளர் இறந்துபோய், வண்டி இரண்டு மூன்று கைகள் வாய்ப்பேச்சிலேயே மாறியிருந்தால், வாரிசுச் சான்றிலிருந்து தொடங்க நேரிடும். இது எஞ்சின் வேலையைவிட நீண்ட வேலை.

ஆர்எக்ஸ் 100-இன் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் "1எல்1" என்ற முன்னொட்டோடு தொடங்கும். சேசிஸ் எண் கைப்பிடிக்குக் கீழே உள்ள கழுத்துக் குழாயில் அடிக்கப்பட்டிருக்கும். பெயிண்ட் உரிக்க மணல் வீசும்போதும், அதன் மேல் பட்டி பூசும்போதும் இவ்வெண் மழுங்கிப்போகலாம். மழுங்கிய எண்ணுள்ள வண்டியைத் திருட்டு வண்டியிலிருந்து பிரித்தறிய ஆய்வாளருக்கு வழியில்லை. ஆதலால் பட்டறைக்கு அனுப்புமுன் அந்த இடத்தில் நாடா ஒட்டி மூடுவதும், பென்சிலால் தேய்த்து எண்ணின் படியை எடுத்துவைப்பதும் வழக்கமாக வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் நடுவண் அரசு தனிப் பழம்பெரும் வாகனப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஆர்எக்ஸ் 100-இல் மிக முந்தியதற்கே 2035-இல்தான் ஐம்பது வயது நிரம்பும். அதுவரை இது சட்டத்தின் பார்வையில் ஒரு பழைய வண்டி மட்டுமே.

எஞ்சின்

எஞ்சினின் போர், ஸ்ட்ரோக் இரண்டும் 50 மில்லிமீட்டர். காற்றால் குளிர்வது, ரீட் வால்வு வழியாகக் கலவையை உறிஞ்சுவது, நான்கு கியர் கொண்டது. இதில் கேம், நான்கு ஸ்ட்ரோக்கில் காணும் வால்வு வரிசை, டைமிங் செயின் எவையும் இல்லை. சிறு பட்டறையிலேயே ஒரே நாளில் பிரித்து அடுக்கிவிடலாம் என்ற இவ்வெளிமையே வண்டி இத்தனை ஆண்டுகள் பிழைத்திருப்பதற்குக் காரணம். ஆனால் எளிதாகப் பிரிக்க முடிவதாலேயே எளிதாகக் கெடுக்கவும் முடிகிறது.

பல ஆண்டு கிடந்த வண்டியில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி "சீஸ்" ஆகியிருக்கும். கிக்கரின் மேல் ஏறி நின்று மிதிப்பது கிக் கியரையும் கனெக்டிங் ராடையும் கெடுக்கும். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டுப் பின் மெல்ல அசைக்க வேண்டும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போரிங் செய்து, 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்ற வரிசையில் அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடப்படும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைய வேண்டும். சிலிண்டரைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழான முறை. இரண்டுக்கும் இடையே விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் மூன்று நான்கு பங்கு அளவே. கடைந்த பின் ஹோனிங் செய்து, சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளின் விளிம்புக் கூர்மையைத் தேய்த்து எடுக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ரிங்குகள் இத்துளைகளைக் கடந்து ஏறி இறங்குவதால், கூர்மை எடுக்காத சிலிண்டரில் புது ரிங் சில நூறு கிலோமீட்டரிலேயே மாட்டி உடையலாம். அவசரப் பட்டறைகளில் விடுபடுவது பெரும்பாலும் இந்தச் சிறு வேலையே.

அடுத்தது கிராங்க். கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்தால் அசைவே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் மட்டும் சிறிது இருக்கலாம். ராடும் பேரிங்கும் மாற்றிய பின் கிராங்கின் இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் சுழல்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். அதனோடு இரண்டு ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவது நன்று. அவற்றின் விலை குறைவு. அவை செய்யும் கேடு பெரிது. மேக்னெட் பக்கச் சீல் காய்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும். வண்டி தானாகவே உறுமும், சூடேறி மறுபடி சீஸ் ஆகும். கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயில் எரிந்து வெள்ளைப் புகை ஓயாது வரும். புகை வருகிறது என்று பிஸ்டனையே இருமுறை மாற்றிய பின்னும் புகை நிற்காத வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இந்தச் சீலாகவே இருக்கும்.

சைலன்சரின் உள்ளே உள்ள குழாயிலும், சிலிண்டரின் புகைத்துளையிலும் கரி அடைந்திருக்கும். குழாயை உருவித் தீயில் காட்டிச் சுரண்டி எடுத்தால் இழந்த இழுவை பெருமளவு திரும்பும். அக்குழாயைத் திரும்பப் போடாமல் விட்டுவிடுவதும் பரவலான பழக்கம். ஒலி கூடும். ஆனால் இரண்டு ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது ஒலியை அடக்கும் தகரம் மட்டுமன்று. வெளியேற முயலும் புதுக்கலவையை எதிரலையால் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும் பாகமும் அதுவே. ஆகவே குழாயைக் கழற்றிய வண்டி சத்தமிடுமே தவிர, ஏற்றத்தில் முன்னைவிட இழுக்கும் என்பதற்கு உறுதியில்லை.

வேலை முடிந்த புது எஞ்சினை முதல் 1,000 கிலோமீட்டர் வரை முழுத் திருகல் கொடுக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் பழக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை செங்கல் நிறத்திலோ காப்பித்தூள் நிறத்திலோ இருப்பது நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கறுத்து ஈரமாக இருந்தால் மிகுதி.

எண்ணெய் பம்ப்

யமஹா 1964-இல் ஆட்டோலூப் என்ற முறையைத் தன் வண்டிகளில் கொண்டுவந்தது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி இருக்கும். எஞ்சினால் சுழலும் சிறு பம்ப், எஞ்சின் வேகத்துக்கும் திருகலின் அளவுக்கும் ஏற்ப எண்ணெயை அனுப்பும். ஆர்எக்ஸ் 100-இலும் இம்முறையே உள்ளது.

நம் பட்டறைகளில் இந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கிலேயே 2டி ஆயிலை ஊற்றச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. பம்ப் கெட்டாலோ, குழாயில் காற்று அடைத்தாலோ ஓட்டுபவருக்குத் தெரியாமலே எஞ்சின் எண்ணெயின்றி ஓடிச் சீஸ் ஆகும். கையால் ஊற்றினால் எண்ணெய் போயிற்று என்ற உறுதியாவது இருக்கும். ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் லிட்டருக்கு 20 மில்லி ஊற்ற வேண்டும். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது போதும். மலைச்சாலை வண்டிக்கு இது ஏன் போதாது என்பது கீழே விளக்கப்பட்டுள்ளது. பம்ப் நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொள்வதே மேல். குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, பம்பின் கேபிளைக் கையேட்டில் உள்ள குறிக்கு நேராக அமைத்து, முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் சிறிது எண்ணெயும் கலந்து ஓட்டினால் பம்ப் வேலை செய்கிறதா என்பது எண்ணெய்த் தொட்டியின் மட்டத்திலிருந்தே தெரிந்துவிடும்.

மலைச்சாலையில்

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியுலகுக்குத் தெரியவந்த பொட்டிப்புரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர். அங்கிருந்தோ தேவாரம், கோம்பை போன்ற ஊர்களிலிருந்தோ போடிநாயக்கனூர் வரை செல்லும் வண்டிக்குச் சாலை பெரும்பாலும் சமம். போடியைத் தாண்டி முந்தலில் மலை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று ஏறிப் போடிமெட்டை அடையும்போது வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்ந்திருக்கும். ஏலத்தோட்ட வேலைக்கும் உறவினர் வீட்டுக்கும் இவ்வழியே கேரளத்துக்குச் சென்று திரும்புவோர் பலர். கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பமெட்டுக்கும், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் ஏறும் சாலைகளும் இத்தகையவை.

ஏறும்போது நேர்வது இழுவைக் குறைவு மட்டுமே. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் போடிமெட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுக்கும். இதைக் கண்டு மேலே உள்ள பட்டறையில் கார்புரேட்டரின் ஊசியை இறக்கிப் பெட்ரோலைக் குறைத்துவிட்டால், அதே வண்டி பள்ளத்தாக்கின் வெயிலில் இறங்கியதும் பெட்ரோல் போதாமல் சூடேறும். ஆகவே கார்புரேட்டரைக் கீழ்நாட்டுக் காற்றுக்கே அமைத்து, மேலே சிறிது கரியைப் பொறுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அடிக்கடி மலை ஏறுவோர் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடுவதுண்டு. ஏற்றம் எளிதாகும், சமவெளியில் உச்ச வேகம் குறையும், எஞ்சின் கூடுதலாக உறுமும்.

ஆபத்து இறங்கும்போதே. நான்கு ஸ்ட்ரோக் வண்டியைத் தாழ்ந்த கியரில் விட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. எனவே முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. ஆர்எக்ஸ் 100-க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்குகளே உள்ளன. வளைவுக்கு வளைவு அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் வழுக்கத் தொடங்கும். பிடி முழுதாக இழுத்தும் வண்டி நிற்காத நிலை வரலாம்.

எஞ்சினுக்கும் அப்போதே சோதனை. திருகலை மூடிக்கொண்டு இறங்கும்போது சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றுகிறது. ஆனால் கார்புரேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோல் மிகச் சிறிதே செல்கிறது. எண்ணெயைப் பெட்ரோலில் கலந்த வண்டியில் பெட்ரோல் போகாதபோது எண்ணெயும் போகாது. பிஸ்டன் வறண்ட சுவரில் உரசும். ஆட்டோலூப் பம்ப் உள்ள வண்டியிலோ எஞ்சின் சுழலும்வரை குறைந்த அளவிலேனும் எண்ணெய் சென்றுகொண்டிருக்கும். பம்பைக் கழற்றிய வண்டியில் இறங்குவோர் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒருமுறை திருகிவிட வேண்டும். வளைவின் நடுவே எஞ்சின் சீஸ் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். அந்நொடியில் கிளட்சைப் பிடிப்பது ஒன்றே வழி. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குவது எவ்வகை வண்டிக்கும் தீங்கு.

சாலைக்கான மேம்பாடுகள்

பிரேக்கில் முதல் மேம்பாடு புதுப் பாகம் வாங்குவதன்று; உள்ளதைச் சரியாக வைப்பதே. டிரம் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் சமன் செய்து, நல்ல லைனிங் போட்டு, கேமுக்குக் கிரீஸ் வைத்து, கேபிளை மாற்றினாலே பலரும் அறியாத பிடிப்பு வரும். வேறு வண்டியின் முன்கவையோடு டிஸ்க் பிரேக் பொருத்துவோர் உண்டு. நிறுத்தும் திறன் கூடுவது உண்மையே. ஆனால் கவையின் நீளமும் சாய்வும் மாறினால் வண்டியின் திரும்பும் இயல்பே மாறிவிடும். அது சட்டப்படியும் மாற்றமாகக் கொள்ளப்படும்.

டயர்கள் முன்னே 2.50-18, பின்னே 2.75-18 என்ற ஒல்லியான அளவுகள். ஓர் அளவு கூட்டிப் போடுவது பரவலாக உள்ளது. அதற்கு மேல் அகலம் கூட்டினால் பழைய ரிம்மில் டயர் சரியாக உட்காராது. ரிம் துருப்பிடிக்காமல் இருந்தால் ஸ்போக்ஸ் மட்டும் மாற்றிக் கோட்டம் எடுத்தால் போதும். கைப்பிடிக் கழுத்தில் உள்ள குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்பு வடிவப் பேரிங் போடுவது, ஸ்விங் ஆர்ம் புஷ் மாற்றுவது, முன்கவையில் புது எண்ணெயும் சீலும் இடுவது ஆகியன வெளியே தெரியாத வேலைகள். மேடுபள்ளத்தில் வண்டி ஆடாமல் நிற்பது இவற்றால்தான்.

விளக்கு இவ்வண்டியின் பலவீனமான பகுதி. முகப்பு விளக்குக்கு மின்சாரம் மேக்னெட்டிலிருந்து நேராக வருவதால், வேகம் குறையும்போது ஒளியும் மங்கும். கொண்டை ஊசி வளைவில், ஒளி மிகத் தேவைப்படும் இடத்தில், அது இல்லாமற் போகிறது. மேக்னெட் காயிலை மறுபடி சுற்றி, ரெக்டிஃபையர் வைத்து, மின்சாரத்தை பேட்டரி வழியாக எடுத்துத் தந்தால் இக்குறை நீங்கும். எல்இடி விளக்குப் போடுவோரும் முதலில் இதைச் செய்தாக வேண்டும். எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளொளி விளக்குகள் வாங்கத் தகாதவை.

பெட்ரோல் டேங்கின் உட்துரு தனிக் கவனம் வேண்டுவது. சிறு நட்டுகளும் வினிகரும் இட்டுக் குலுக்கி, கழுவி, முழுதும் உலர்த்திய பின்னரே பெட்ரோல் ஊற்ற வேண்டும். 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பொதுவாகக் கிடைக்கும் நிலை வந்தது. இவ்வண்டி அதற்கென வடிவமைக்கப்பட்டதன்று. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊதச் செய்கிறது. காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது. அதே ஜெட்டில் கலவையை வறளச் செய்கிறது. ஆதலால் ரப்பர்ப் பாகங்களைப் புதிதாக மாற்றுவதும், பிளக்கின் நிறம் வெளுத்தால் மெயின் ஜெட்டை ஒரு படி உயர்த்துவதும், வாரக்கணக்கில் ஓட்டாதபோது கார்புரேட்டரைக் காலிசெய்து வைப்பதும் தேவையாகின்றன.

நிறமும் பாகங்களும்

தொழிற்சாலையிலிருந்து கறுப்பு, மயில்நீலம், செர்ரிச் சிவப்பு ஆகிய நிறங்களில் வண்டி வந்தது. மட்கார்டுகள் குரோம் பூசியவை. பழைய தகட்டின் மேல் செம்பும் நிக்கலும் பூசாமல் குரோமை மட்டும் பூசினால் ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது. நிறத்தை மாற்றினால் ஆர்சி-யிலும் மாற்றிப் பதிய வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம். பிஸ்டன், லைனிங், கேபிள் போன்ற தேயும் பாகங்கள் புதிதாகவே கிடைக்கின்றன. அசல் கார்புரேட்டர், சைலன்சர், மீட்டர் ஆகியவைதாம் அரியவை. பழையது தேய்ந்திருந்தாலும் எறிந்துவிடாமல் வைத்திருப்பது நல்லது. பழைய அசல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து பயன்படுத்துவது, பெயர் மட்டும் பொறித்த போலியைப் புதிதாக வாங்குவதைவிடப் பயன் தரும்.

சட்ட வரம்பு

தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். ஆர்எக்ஸ் 135-இன் 132 சிசி சிலிண்டரை ஆர்எக்ஸ் 100-இல் ஏற்றுவது பட்டறைகளில் நன்கு தெரிந்த வேலை. ஆனால் ஆர்சி-யில் 98 சிசி என்றிருக்கும் வண்டியில் அது சட்டப்படி வேறு எஞ்சின். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடும் இதனால் வழக்காட நேரிடலாம்.

துளை பெருக்குதல், ஹெட் தேய்த்தல், பெரிய கார்புரேட்டர், விரிகுழாய்ச் சைலன்சர் ஆகியன ஓட்டப்பந்தயக் களத்துக்குரியவை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ஆகிய களங்கள் இதற்கென்றே உள்ளன.

புகைச் சான்று எடுக்கும்போது, 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9,000 பங்கு என்பன வரம்பு. சீலும் ரிங்கும் நலமாக உள்ள, எண்ணெய் அளவாகச் செல்லும் ஆர்எக்ஸ் 100 இவ்வரம்புக்குள் அடங்கும். சோதனையில் தோற்கும் வண்டியில் பெரும்பாலும் எண்ணெய் மிகுதியாக ஊற்றப்பட்டிருக்கும், அல்லது கிளட்ச் பக்கச் சீல் போயிருக்கும்.